பதினோரு மாத்திரையும் என்னுடையவை அல்ல

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இனியாவுக்கு அப்பா பஞ்சநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா அனுசியாவும் நலம். கடிதம் என்றால் நலம் என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். அதை நீ நம்ப வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதி போட்டோ பிடித்து அனுப்பினால் நடுவில் அழ முடியாது அல்லவா. முதலில் விமான டிக்கெட்டை ரத்து செய். வியாழக்கிழமைப் பரீட்சையை எழுது. மற்றதெல்லாம் பிறகு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். இந்த வருஷம் புதிதாக ஒரு பரீட்சை, உங்கள் காலேஜுக்கும் இன்னும் நாலு தேசத்துக் காலேஜுகளுக்கும் ஒரே நாள், ஒரே கேள்வித்தாள், மருந்துச் சீட்டு ஒழுங்காக எழுதத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள் என்றாய். யாருக்கு எந்த மாத்திரை, எந்த வேளை, எதோடு எது சேரக் கூடாது என்பதையெல்லாம், பத்தாவது கணக்குப் பரீட்சையை மூன்று தடவை எழுதிய எனக்கே புரிகிற மாதிரி சொன்னாய். காய்ச்சல் எந்தத் தேசத்தில் அடித்தாலும் காய்ச்சல்தானே, சீட்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் நியாயம் என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். பழகிப் பார்க்க வேண்டும், நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைகளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றாய். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

என்னிடம் இருப்பது பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை. மகள் அஞ்சு தேசத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதப் போகிறாள், அப்பன் ஒற்றை மாத்திரையை நீட்டினால், விருந்தாளிக்கு இலை போட்டு ஊறுகாய் மட்டும் வைத்த மாதிரி ஆகாதா? எதிர்வீட்டுச் சொர்ணாம்பாள் அத்தையிடம் போய் நின்றேன். இனியா படிப்புக்கு என்றதும் அத்தை டப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டார். என்னோடு பீங்கான் கம்பெனிப் பூச்சுப் பிரிவில் வேலை செய்கிற பக்கிரி, இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், தன் பங்கைச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்துக் கொண்டுவந்தார். மொத்தம் பதினொன்று தேறியது. சூளையிலிருந்து இறக்கிய வெள்ளை ஃபியூஸ் கட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையைச் செருகி, கொலு வைத்த மாதிரி போட்டோ எடுத்து அனுப்பினேன். எது யாருடையது என்று எழுத மறந்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசைதான்.

பத்தே நிமிஷத்தில் நீ கூப்பிட்டு, "நெஞ்சு வலிக்குதாப்பா?" என்றாய். சரி, பயிற்சி தொடங்கிவிட்டது, நோயாளி நோயாளி மாதிரி பதில் சொன்னால்தானே பிள்ளை எதையாவது எழுத முடியும் என்று, அப்பப்போ வலிக்கிறது என்றேன். மூச்சு வாங்குதா என்றாய், வாங்குகிறது என்றேன். கால் வீங்குதா என்றாய், ரெண்டும் வீங்குகிறது என்று தாராளமாகக் கொடுத்தேன். "எத்தினி நாளாப்பா இப்டி இருக்குது?" என்று கேட்டாயே, அப்போது, "நீ படிக்கப் போனதுலேர்ந்து கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மட்டும் நான் நடிக்கவில்லை, தானாக வந்துவிட்டது. அப்போது தொடங்கிய அழுகைதான் இன்னும் நிற்கவில்லை என்கிறாள் உன் அம்மா.

நீ மாத்திரையும் நோவுமாகப் போட்ட பட்டியலை வாத்தியாரிடம் காட்ட, அவர் அஞ்சு தேசத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்ப, இந்த ஆள் இன்னும் எப்படி நடமாடுகிறார் என்று ஒரு தேசத்துப் பையன் கேட்டானாமே. நான் நடமாடுவது மட்டுமில்லை, நீ டிக்கெட் போட்ட சேதியைக் கேட்டபோது கையிலிருந்த பலகையோடு இன்னும் சூளையில் வேகாத முப்பது பச்சைக் கட்டைகளைக் கீழே போட்டு, மேஸ்திரி துரத்த ஓடவும் செய்தேன்.

இன்னொன்றையும் கேள். நீ சிவப்பு மையில் எழுதி அனுப்பினாயே, இதோடு இது சேரவே கூடாது என்று, அந்த ரெண்டும் பக்கிரியுடையவை. ஒன்று இதய டாக்டர் கொடுத்தது. இன்னொன்று மூட்டு வலிக்கு அவராகவே மெடிக்கலில் வாங்கி விழுங்கியது. நேற்று உன் சீட்டோடு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பக்கிரியை ஒரு முறை முறைத்து அதை நிறுத்தச் சொன்னார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டதற்குப் பக்கிரி, "எங்க பாப்பாதாங்க" என்றார். என்னவோ அவர் பெற்ற மாதிரி. சொர்ணாம்பாள் அத்தை ரெண்டு டாக்டர் எழுதிய ஒரே மருந்தை ரெண்டு பெயரில் சாப்பிட்டு வந்திருக்கிறார். தலைசுற்றலை வயசு என்று நினைத்திருக்கிறார். அவர் டாக்டரும் ஒன்றை நிறுத்திவிட்டார். பரீட்சைக்கு முன்னாலேயே ரெண்டு பேரைத் தேற்றிவிட்டு, கல் மாதிரி இருக்கிற என்னைப் பார்க்கவா பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவருவாய்?

உன் அம்மா கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராதுச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். அஞ்சு தேசத்துக்கும் பொதுவான பரீட்சை, உனக்கு மட்டும் கேட்டால் சாமி ஓரவஞ்சனை என்று நினைப்பார் என்பதால், எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும், நம்ம பிள்ளை கொஞ்சம் கூடத் தேற வேண்டும் என்று எழுதினாளாம். அப்படியே நடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
உன் ஆரோக்கியமான அப்பா,
பஞ்சநாதன்.

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டு, "எல்லாம் எழுதுனீங்க, உங்க அட்டையில ஒண்ணுகூடப் பிரிக்காம இருந்துச்சே, அத எழுதுனீங்களா?" என்று கேட்டுவிட்டு நகராமல் நிற்கிறாள். எழுதுகிறேன். பொங்கலிலிருந்து நான் அதைச் சாப்பிடவில்லை. ஒன்றும் செய்யவில்லையே என்று விட்டுவிட்டேன். நேற்று பக்கிரியைப் பார்த்த டாக்டர் எனக்கும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிரஷர் நூற்று எழுபது. நெஞ்சு வலி, கால் வீக்கம் எல்லாம் நடிப்பு, இது இல்லை. நேற்றிலிருந்து அம்மா சொம்போடு எதிரில் நின்று விழுங்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். எழுதிக்கொடுத்த மாத்திரையை அந்த ஆள் தின்கிறானா என்ற கேள்வியையும் உங்கள் பரீட்சையில் சேர்க்கச் சொல். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள். எழுதி முடித்த கையோடு வந்து திட்டு கண்ணு.