ஈரத்துக்குக் கழித்த எடை

சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
14-8-1972

செங்கற்பட்டில் சர்க்கார் உத்தியோகம் வகிக்கும் மச்சான் திருஞானசம்பந்தம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வடிவாம்பாளைக் கைப்பிடித்த நமச்சிவாயம் வணக்கத்துடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் என் நாலு தறிகளும் சௌக்கியம். தங்கள் வீட்டார் சௌக்கியத்துக்குப் பதில் போடவும். பால்வாடி லிஸ்ட்டுகள் எல்லாம் தங்கள் மேஜை வழியாகத்தான் போகின்றன என்று வடிவு சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். படித்ததும் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்ட வேண்டாம்.

சித்திரையில் எங்கள் தெருவில் பால்வாடி திறந்தார்கள். எடை குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் தினமும் பாலும் சத்துமாவும் என்று உத்தரவு. எடை பார்க்க அனுப்பிய தராசு, கொக்கி முறிந்து வந்து சேர்ந்தது. டீச்சர் மணியம்மாள் நேரே என்னிடம் வந்து, "மாஸ்டர், உங்க பட்டுத் தராசக் குடுங்க, நீங்களே வந்து நிறுத்தும் குடுத்துடுங்க" என்றார். நானும் பெருமையோடு கூடையைக் கட்டித் தொங்கவிட்டேன். மச்சான், இருபத்தைந்து வருஷமாக நெசவாளிக்குப் பட்டை நிறுத்துக் கொடுத்து, சேலையாக நிறுத்து வாங்குகிறவன் நான். வருகிற சேலையில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், ஈரம் இருக்கும். பத்தில் ஒரு பங்கு கழிக்காமல் என் வாய் எடையைச் சொல்லாது. அன்றைக்கோ வெள்ளிக்கிழமை. தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றி, வயிறு முட்டக் கஞ்சி கொடுத்து, சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் வாய் தன் பாட்டுக்குக் கழித்தது, டீச்சர் தன் பாட்டுக்கு எழுதினார்.

கடைசியாக, முப்பத்தெட்டாவதாக, நம் பெண் அம்சவேணி. போன வருஷம் அம்மை வந்து இறங்கியதிலிருந்து அவள் உடம்பு தேறவே இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். கூடையில் உட்கார வைத்தேனோ இல்லையோ, என்னிடம் நெய்யும் வீரபத்திரனின் பெண்சாதி அன்னம்மாள், "இன்னா மாஸ்டர், ஊரு சேலைய எல்லாம் நிறுத்துக்கினு இருக்கீங்க, உங்க வூட்டுப் பொண்ணு இப்டி நூலாட்டம் இருக்குதே!" என்றாளே பார்க்கலாம். தெருவே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் ஒரு பலம் எடைகூடக் கழிக்கவில்லை. போதாததற்கு என் சுண்டுவிரல் கூடை விளிம்பின் மேல் கொஞ்சம் இளைப்பாறியது. "பன்னிரண்டு கிலோ!" என்றேன். அதையும் எழுதிவிட்டார்.

விளைவு, முப்பத்தேழு குழந்தைகள் பஞ்சத்தில் அடிபட்டதாகவும் ஒரே ஒருத்தி புஷ்டியாக இருப்பதாகவும் சர்க்காருக்குத் தாக்கல் போய்விட்டது. மறுவாரமே ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய டாக்டர் முதலில் வீரபத்திரன் மகன் குமாரவேலைப் பார்த்தார். அவனைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவன் குடித்திருந்த கஞ்சிக்கு என் வாய் மூன்று மடங்கு கழித்திருந்ததால், நோட்டில் பார்த்தால் எடை குறைவு. "இது சதை இல்ல, வீக்கமா இருக்கும்" என்று அவன் காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கூச்சத்தில் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். தெருவுக்கே இரட்டிப்பு மாவுக்குச் சிபாரிசு எழுதிவிட்டு, "அந்தப் புஷ்டியான குழந்தையக் கொண்டாங்க" என்றார். அம்சவேணியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். குழந்தையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ன குடுக்குறீங்க?" என்றார். "வீட்டுச் சாப்பாடுதான் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இனிமேல் சிரிக்காதீர்கள், மச்சான். வீட்டில் பால் இல்லாமல் இல்லை, குடிக்கத்தான் மாட்டேன் என்கிறாள். நாலு பிள்ளைகளோடு உட்கார வைத்தால் குடிப்பாள். முதல் வாரம் தன் தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பால்வாடி ஜன்னலோரம் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். டீச்சரைக் கேட்டால், "லிஸ்ட்ல இல்லாத கொழந்தைக்கு ஊத்துனா என் வேலை பூடும் மாஸ்டர்" என்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே எனக்குத் தைரியம் இல்லை. அம்மை போட்டபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் முப்பத்தேழு தம்ளரும் நின்றுபோகும். அதில் பத்துப் பேருக்காவது காலையில் அதுதான் ஆகாரம். ஆகவே தாங்கள் பெரிய மனசு வைத்து, மற்றவர்களைத் தொடாமல், முப்பத்தெட்டாவதாக அம்சவேணி பெயரையும் சேர்த்துவிட வேண்டும். இதற்காகத் தங்கள் காலில் விழவும் தயார். வடிவு எதிரில் மட்டும் வேண்டாம்.

காமாட்சி கடாட்சத்தில் தங்கள் மேஜை இன்னும் பெரிதாகட்டும், தங்கள் பிள்ளைகள் நல்ல எடையோடு வளரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
நமச்சிவாயம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வடிவு இதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். குமாரவேல் சத்துமாவைக் கண்டால் ஓடிவிடுகிறானாம். மூன்று மாசமாக அவன் இடத்தில் உட்கார்ந்து குடிப்பது அம்சவேணியாம். டீச்சர், அன்னம்மாள், தெரு மொத்தத்துக்கும் தெரியுமாம். "தறியப் பாக்குற கண்ணால பொண்ணையும் பாத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்கிறாள். நம்பாமல் இப்போதே கூடையில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு கிலோ, மச்சான்! விரல் வைக்கவில்லை, சத்தியம். ஆகவே தயவுசெய்து பெயரைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மறுபடி எடை பார்த்து அவளையும் குமாரவேலையும் சேர்த்தே விலக்கிவிடுவார்கள். இதைக் கிழித்துப் போடவும். அப்படியும் யாராவது எடை பார்க்க வந்தால் என்னையே கூப்பிடச் சொல்லுங்கள். இந்தத் தடவை அவளுக்கும் ஈரத்துக்குக் கழித்துவிடுகிறேன்.