துருப்பிடித்த பெட்டியும் ஜப்பான் முனுசாமியும்

கும்மிடிப்பூண்டி,
15-8-1977. சுதந்திர தினம். கம்பெனிக்கும் லீவு, மெஸ்ஸுக்கும் லீவு.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஜோசப் மாமா அவர்கள் சமுகத்துக்கு, உங்கள் அக்காள் மகன் தாவீது ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தையும் திருவள்ளூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காகப் பொய் எழுத எனக்கு நேரமில்லை. விஷயம் இதுதான்: நீங்கள் பேசி முடித்த விக்டோரியா சம்பந்தத்தை நிறுத்திவிடுங்கள். நேற்று சபையில் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தபோது நடந்ததை இதற்குள் யாராவது கையும் காலும் ஒட்டவைத்து உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒட்டு வேலை இல்லாத சரக்கு இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

விக்டோரியாவின் அப்பா ராஜமாணிக்கம் அய்யா இங்கே ரோசம்மாள் டூரிங் டாக்கீஸ் நடத்துகிறார் என்பதும், அந்த ரோசம்மாள் அவருடைய சம்சாரம் என்பதும் உங்களுக்குத் தெரியும். போன மாதம் அவர் மெட்ராஸிலிருந்து ஒரு ஜப்பான் கத்திச்சண்டைப் படத்தின் இரண்டு பாகங்களையும் லாரியில் வரவழைத்தார். சாமுராய் என்று அந்த ஊர் வாள்வீரனைப் பற்றிய கதை. வந்த இரண்டு பெட்டியிலும் சீட்டு கிழிந்து போயிருந்தது. படத்தில் வரும் எழுத்தோ கோழி கிளறியது போல ஜப்பான் எழுத்து. எது முதல் பாகம், எது இரண்டாம் பாகம் என்று தெரியாமல் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "தம்பி, நீ இரும்புக் கம்பெனியில இன்ஸ்பெக்டரு, நீயே சொல்லு நைனா" என்றார். நான் போய்ப் பார்த்தேன். ஒரு பெட்டி பளபளவென்று இருந்தது. மற்றது துருப்பிடித்து விளிம்பெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. டிப்ளமா படித்தவனுக்கு இது ஒரு கேள்வியா மாமா? துருப்பிடித்தது பழசு, ஆகவே முதல் பாகம். நகத்தால் சுரண்டிக் காட்டி, துருவுக்கு வயதும் சொன்னேன். அவர் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்து, "இந்த மூளைக்குத்தான் என் பொண்ணைக் குடுக்குறேன்" என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த முதல் பாகத்துக்கு "ஜப்பான் சிங்கம்" என்று போஸ்டர் ஒட்டினார். ஜப்பான் பேச்சு யாருக்கும் புரியாது என்பதால் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதையையும் அவரே சொன்னார். கதாநாயகன் பெயர் ஜனங்கள் வாயில் நுழையாது என்று முனுசாமி என்று வைத்துவிட்டார். "இப்ப பாரு, முனுசாமி வரான். மூஞ்சில எம்மாம் பெரிய வெட்டு பாரு. வில்லன் நடுங்குறான் பாரு!" மாமா, அது படம். நரைத்த தலை, கன்னத்தில் நீளத் தழும்பு, நுனி உடைந்த வாள், நெற்றியில் வெள்ளைச் சுழி போட்ட கிழட்டுக் குதிரை. செத்துப்போன குருவின் கல்லறையில் விழுந்து கும்பிட்டுவிட்டு, அந்த மொட்டை வாளை வைத்துக்கொண்டே ஒரு ஊரையே தீர்த்துக்கட்டி, பனியில் தனியாக நடந்து போகிறான். எங்கள் ஃபர்னஸ் ஆட்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து பார்த்தார்கள். மண் தரை டிக்கெட்டில் இடமில்லாமல் வெளியே வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் விக்டோரியாதான் சீட்டு கிழிப்பாள். கூட்டத்தில் என் சீட்டையும் அவளே வாங்கிக் கிழித்துத் தந்தாள். ஸ்கேல் வைத்தது போல நேர்க்கோடு. அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

சனிக்கிழமை இரண்டாம் பாகம் வந்தது. காலையிலிருந்து ரிக்‌ஷாவில் ஸ்பீக்கர் கட்டி, "முதல் பாகத்தைத் தூக்கிச் சாப்பிடும் இரண்டாம் பாகம்! மீண்டும் ஜப்பான் சிங்கம்!" என்று இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கக் கத்திக்கொண்டு போனார்கள். எனக்கு மாப்பிள்ளை என்று முன்வரிசையில் கைவைத்த நாற்காலி, கழுத்தில் சம்பங்கி மாலை. மாலையில் இருந்த எறும்பைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். படத்தைப் பொறுக்க முடியவில்லை. முதல் ரீலிலேயே முனுசாமிக்குத் தலை கருகருவென்று இருக்கிறது. சாயம். கன்னத்தில் தழும்பைக் காணோம். மேக்கப்காரன் மறந்துவிட்டான். செத்துப்போன குரு எழுந்து வந்து சோறு தின்கிறார். லாசருவைக் கர்த்தர் எழுப்பினார், இவரை யார் எழுப்பியது? வாளுக்கு நுனி முளைத்திருக்கிறது. வெல்டிங் போட்டிருந்தால் ஜாயின்ட் தெரியும், தெரியவில்லை. குதிரை விஷயத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். குதிரை குட்டியாகிவிட்டது. அதே வெள்ளைச் சுழி, அதே கோணல் பார்வை, ஆனால் உயரம் நம் வீட்டு ஆட்டுக்கு மேல் கொஞ்சம். வாடகை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். இத்தனை ஓட்டைக்கும் ராஜமாணிக்கம் அய்யா மைக்கில் ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தார். "இது செத்துப்போன பெரியவரோட தம்பிம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை." "இது அந்தக் குதுரையோட குட்டி, அம்மா மேய்ச்சலுக்குப் போயிக்குது." நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்கீஸில் ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போது விளக்கு போடுவார்கள். அப்படிப் போட்டபோது அவர் என்னிடம் வந்து மைக்கை வாய்க்கு நேரே நீட்டினார். "நம்ம மாப்ளே, டிப்ளமா படிச்சவரு. ரெண்டாம் பாகம் எப்படிக்குது, ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லு நைனா!" மாமா, நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் நான் சொல்லியிருப்பேனா? கேட்டார், சொன்னேன். "முதல் பாகம் எஃகு. இது ஸ்கிராப். தராசில் போடக்கூட லாயக்கில்லை" என்றேன். மைக் அன்றைக்கென்று நன்றாக வேலை செய்தது. ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாம். உடனே பின்னாலிருந்து ஒருத்தன், "அதான் சார் நானும் பாத்துக்கினே கீறேன், மொத பாகத்தையே போடுப்பா!" என்று எழுந்தான். கொட்டகை முழுக்க எழுந்தது. ராஜமாணிக்கம் அய்யா முகம் எங்கள் ஃபர்னஸ் கதவு திறந்தது போல ஆகிவிட்டது. "மாப்ளே, இன்னா பேச்சு இது? என் கொட்டாயில குந்திக்கினு, என் மாலையைப் போட்டுக்கினு!" என்றார். மாலையைக் கழற்றிக் கொடுத்தேன். அதையும் தப்பாக எடுத்துக்கொண்டார். இதற்கு மேல் கடைசி ரீலில் முனுசாமிக்குக் கன்னத்தில் வெட்டு விழுகிறது, குரு மறுபடியும் சாகிறார், வாள் நுனி மறுபடியும் உடைகிறது. அதே இடத்தில்! ஒரே வாள் ஒரே இடத்தில் இரண்டு தடவை உடைய எந்தப் புத்தகத்திலும் வழியில்லை என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன். அப்போது மைக்கும் இல்லை, மாலையும் இல்லை. என் சொந்தக் குரல்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரி ஐயர் ஓலையை வாசித்து, "இவர்களுடைய விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இருந்தால் தெரியப்படுத்தலாம்" என்றார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். ராஜமாணிக்கம் அய்யா எழுந்து நின்றார். ஐயர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ராஜமாணிக்கம், நீதானேப்பா பொண்ணுக்குத் தகப்பன்?" "தகப்பன்தாங்க. அதான் சொல்றேன். பையனுக்குக் கண்ணு சரியில்லீங்க." கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. ரோசம்மாள் அம்மா அவர் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தார். "வுடு ரோசு, கண்ணெதிரே இருக்கறது தெரியாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?" ஐயர் ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். புத்தி சொல்லப்போகிறார் என்று போனேன். கதவைச் சாத்திவிட்டு, "சினிமா பாவம் என்பது இருக்கட்டும். குதிரை நிஜமாகவே சின்னதாகிவிட்டதா?" என்றார்.

அதோடு முடிந்ததா? வெளியே வந்தால் சபைப் பெண்கள் வரிசையாக நின்று என் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி, "தம்பி, இது எத்தினி?" என்று கேட்கிறார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார். நான் கடக்க நினைத்தது அந்த ரோட்டை அல்ல. சாயங்காலம் ஷிஃப்டுக்குப் போனால் ஃபோர்மன் கோபால், "இன்னாடா, உனக்குக் கண்ணு அவுட்டாமே? நீ பாஸ் பண்ண கம்பியெல்லாம் திரும்பி எடுக்கணுமா? செவ்வாக்கெழமை பொன்னேரிக்குப் போய்க் கண்ணு டாக்டராண்ட சீட்டு வாங்கிக்கினு வா, அப்புறம்தான் உள்ளே" என்றார். ஒரு படம் நன்றாக இல்லை என்று சொன்னதற்கு இவ்வளவு.

ஆகவே மாமா, உண்மையைச் சொன்னால் தாங்காத குடும்பத்தில் எனக்குச் சம்பந்தம் வேண்டாம். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிப்பதற்குள் நீங்கள் வந்து ஐயரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். நான் என் தீர்ப்பில் ஒரு மில்லிமீட்டர்கூட நகரமாட்டேன். முதலில் பார்த்த படம்தான் உசத்தி. பிறகு பார்த்தது அதன் கால் தூசு. இதை மாற்றிச் சொன்னால்தான் விக்டோரியா கிடைப்பாள் என்றால் விக்டோரியா வேண்டாம். இந்த வரியை எழுதிவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதும் உண்மை, அதனால் அதையும் எழுதிவிட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்கியிருப்பாராக. இங்கே அவருக்கு இப்போதைக்கு இடமில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஞா. தாவீது, டி.எம்.இ.

பின்குறிப்பு (செவ்வாய், பொன்னேரி): நேற்று தபால் ஆபீஸ் லீவு என்பதால் கடிதம் போகவில்லை. கர்த்தர் நல்லவர். இன்று காலை பொன்னேரிக்கு ரயில் ஏற வந்தபோது விக்டோரியாவும் பிளாட்பாரத்தில் நின்றாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் பொன்னேரியில். என் கையிலிருந்த கவரைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கா? நிறுத்தச் சொல்லியா?" என்றாள். ஆமாம் என்றேன். "போடுங்க. அதுக்கு முன்னே ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குட்டி வளந்து குதுர ஆவுமா, குதுர தேஞ்சு குட்டி ஆவுமா?" "குட்டிதான் வளரும், இதென்ன கேள்வி?" என்று சொல்லும்போதே ஒரு சரக்கு ரயில் கடந்து போனது. அது போய் முடிவதற்குள் எனக்கும் எல்லாம் போய் முடிந்துவிட்டது. "எந்தப் பெட்டி மொதல்லன்னு சுரண்டிப் பாத்துச் சொன்னது யாரு? எங்க நைனாவா?" என்று வேறு கேட்டாள்.

துருவில் தப்பில்லை மாமா. அந்தப் பெட்டி அத்திப்பட்டில் உப்புக் கிடங்கு ஓரமாக ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்ததாம். உப்புக்காற்று பட்ட இரும்புக்கு வயது பார்க்க யாராலும் முடியாது. அதை முன்னாலேயே சொல்லாதது அனுப்பியவன் குற்றம்.

முக்கியமான விஷயம் வேறு. நாங்கள் முதலில் பார்த்தது இரண்டாம் பாகம். நான் உசத்தி என்று சொன்னதும் அதைத்தான். ராஜமாணிக்கம் அய்யா ரிக்‌ஷாவில் ஸ்பீக்கர் கட்டிச் சொன்னதும் அதையேதான். எனக்கும் அவருக்கும் இடையில் கருத்து வேறுபாடே கிடையாது, இருந்ததும் இல்லை. நான் ஒரு மில்லிமீட்டரும் நகரவில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காமல் விட்டுவிடுங்கள். சனிக்கிழமையே புறப்பட்டு வாருங்கள், அத்தையையும் அழைத்து வாருங்கள். அன்றைக்கு இரண்டையும் வரிசை மாற்றி ஓட்டப்போகிறார், மைக்கில் நான் பேசவேண்டும் என்பது விக்டோரியாவின் உத்தரவு. ஞாயிறு இரண்டாம் ஓலை. துருவைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்காதீர்கள்.

கண் டாக்டர் பார்த்துவிட்டார். என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்று சீட்டு கொடுத்திருக்கிறார். அப்படியானால் கோளாறு எங்கே என்று டாக்டரைக் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லி விக்டோரியா திருப்பி அனுப்பியிருக்கிறாள். வரிசையில் நிற்கிறேன்.