பதினொரு மணிக்குப் பிறகு கள்ளு

2024 மார்ச் 12, செவ்வாய். 5.10க்கு எழுந்தேன். 5.40க்குக் குளியல். 6.15க்குப் பாப்பாமோட்டைச் சந்தியில் சுண்ணாம்பரிடம் ஒரு போத்தல் கருப்பணி, புளிக்காத இனிப்புப் பனஞ்சாறு.

மன்னார்க் கரையில் தன் சரக்கைத் தானே சந்தேகித்து விற்ற ஒரே வியாபாரி சுண்ணாம்பர். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவர். சாறு புளிக்காதிருக்க, பாளையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார். கூடினால் வாய் வெந்துவிடும் என்று அளவோடுதான் பூசுவார். அதனால் காலையில் கருப்பணியாக இருப்பது, வெயில் ஏறக் கள்ளாகத் தொடங்கும்.

போன கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்து, மதுசாரம் உண்டா இல்லையா என்று போத்தலில் ஒட்டாவிட்டால் கொட்டிலைப் பூட்டுவேன் என்றார். அந்தக் கொட்டில்தான் சுண்ணாம்பருடைய சீவியம். லேபல் எழுத என்னிடம் வந்தார்.

"'மதுசாரம் இல்லை' எண்டு எழுதுவம், அண்ணை."

"எத்தினை மணிக்கு இல்லை?"

"லேபலிலை மணி எழுதிறதில்லை."

"அப்ப அது பொய். முகாமிலை இருவது வருசம் என்னை நம்பேல்லை, தம்பி. பதிவு அட்டையிலை எழுதினதைத்தான் நம்பினவங்கள். எழுத்துப் பிழைக்கக் கூடாது."

நாற்பது லேபல் எழுதினேன். ஒவ்வொன்றிலும் மூன்று வரி. 6 முதல் 9: மதுசாரம் இல்லை. 9 முதல் 11: சத்தியம் பண்ணமாட்டேன். 11க்குப் பிறகு: கள்ளு.

கையெழுத்து என்னுடையது என்பதால் மட்டும், அந்தச் செவ்வாய் கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நின்றேன். 10.20க்குப் பரிசோதகர் வந்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயா, இது லேபலோ, பஸ் ஓடுற நேரமோ?"

"சேர், இப்ப என்ன நேரம்?" என்றார் சுண்ணாம்பர்.

"பத்து இருவது."

"அப்ப நான் சத்தியம் பண்ணமாட்டன்."

குடிக்க வந்த இருவர் சிரித்தார்கள். பரிசோதகர் சிரிக்கவில்லை.

"போத்தலுக்கு ஒரு சொல்தான். இல்லை எண்டு போடுங்கோ, இல்லாட்டிக் கள்ளுக்கு லைசன்ஸ் எடுங்கோ. ரெண்டும் இல்லையெண்டால் இண்டைக்கே பூட்டுறன்."

சுண்ணாம்பர் மிச்சமிருந்த பதினேழு போத்தலையும் ஒவ்வொன்றாகத் திறந்து வேலிக்கரையில் ஊற்றினார்.

"இனி ஒன்பதுக்குக் கடை பூட்டு. போத்தலும் வீட்டை போகாது. இங்கையே நிண்டு குடிக்கவேணும். அப்ப 'இல்லை' எண்ட ஒரு சொல்லே காணும், சேர்."

பரிசோதகர் நனைந்த மண்ணைப் பார்த்தார். "காலமை எத்தினைக்குத் திறப்பியள்?"

"ஆறுக்கு."

"ஆறுக்கு லேபல் சரியா இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மறுநாள் நான் 5.10க்கு எழவில்லை. நாலு மணிக்கே எழுந்து, குளிப்பதற்கு முதல், நாற்பது லேபல் எழுதி முடித்தேன். ஒரே வரி.