தடுப்புப் பதிவேடு

உலகத்தில் தகப்பன்மார் கோடிப்பேர் உண்டு. ஆனால் தகப்பன் என்கிற பதவியை முறையான கோப்பாகப் பராமரித்தவன், பாளையங்கோட்டையில் கிருபைராஜ் ஆகிய நான் ஒருவன்தான். இருபது வருஷ குமாஸ்தா உத்தியோகம் வீண்போகுமா?

விவாகரத்து உத்தரவு தெளிவாக இருந்தது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, பத்து முதல் பன்னிரண்டு வரை, மகள் ஸ்டெபி என்னோடு இருக்கலாம். முன்னாள் மனைவி ரீபா டீச்சர் பதினோரு மாதமாகக் கேட்டைத் திறக்கவில்லை. முதல் மாதம் சளி. அடுத்து சர்ச்சில் பாட்டு ஒத்திகை. பிறகு வேதபாடப் பரீட்சை. ஒருநாள், உள்ளே ஸ்கிப்பிங் சத்தம் கேட்கக் கேட்க, "பிள்ள தூங்கிட்டிருக்கு" என்றாள்.

வேறொருவன் கத்தியிருப்பான். நான் 'தடுப்புப் பதிவேடு' தொடங்கினேன். தேதி, காரணம், தடுத்தவர், சாட்சி என நான்கு பத்திகள். சாட்சி, எதிர்த்த டீக்கடை சொரிமுத்து அண்ணாச்சி. "பன்னெண்டு தடுப்பு சேரட்டும், மனு போட்டுருவோம்" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை, வேலை மிச்சம் என்று 'தடுத்தவர்: ரீபா' என வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். கேட் திறந்தது.

"கூட்டிட்டுப் போங்க. பன்னெண்டுக்குள்ள கொண்டாந்து விட்டுருங்க."

பின்னால் ஸ்டெபி, கழுத்தில் துண்டோடு. "அப்பா, கொக்கிரகுளம் ஆத்துல கால் நனைப்பமா?"

வளர்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் மனு என்னாவது?

"சளி கிளி ஒண்ணும் இல்லியா?" என்றேன் ரீபாவிடம்.

"இல்ல."

"ஒத்திகை?"

"இல்லங்கேன்."

"அப்ப தொறந்தத எழுத்துல குடு. முந்தின பதினொண்ணும் இதால ரத்தாகாதுன்னு ஒரு வரியும் சேரு."

சொரிமுத்து அண்ணாச்சி டீக்கடையிலிருந்தே கத்தினார். "தொறந்த கேட்ட விட்டுட்டு என்ன வே எழுத்து? பிள்ளைய வண்டில ஏத்தும்!"

"அண்ணாச்சி, ஒமக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது."

ரீபா தன் வக்கீலுக்கு போன் போட்டு, வரி வரியாகக் கேட்டு எழுதினாள். ஒரு வார்த்தையை அடித்தாள். நான் விடுவேனா? "அடிச்சா பக்கத்துல சின்னக் கையெழுத்து வேணும். இல்லன்னா செல்லாது." ஸ்டெபி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனின் புலமை பிள்ளைக்கும் தெரியட்டுமே.

நகல் வேண்டும். பதிவேட்டையும் பேனாவையும் ஸ்டெபியிடம் கொடுத்து, "அஞ்சு நிமிஷம், தங்கம்" என்று ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். கரண்ட் இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. மூன்றாவது கடையில் இன்வெர்ட்டர் இருந்தது, வரிசையும் இருந்தது.

திரும்பும்போது பன்னிரண்டு ஐந்து. கேட் சாத்தியிருந்தது. உத்தரவுப்படி சரிதான். கம்பியில் பதிவேடு சொருகியிருந்தது.

"பிள்ள துண்டோட ரொம்ப நேரம் நின்னுச்சு வே" என்றார் அண்ணாச்சி. "இன்னைக்கு எழுதினது பூரா சரியா இருந்துச்சு. சாட்சிக் கையெழுத்து போட்டுட்டேன்."

திறந்து பார்த்தேன். 'தடுத்தவர்' பத்தியில் 'ரீபா'வை ஒரே கோடாக அடித்து, மேலே மூன்றாம் வகுப்புக் கொட்டை எழுத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் இருந்தது. செல்லாது என்று சொல்ல வழியில்லை.