ஒரு வாரக் கேப்டன்

வாடகைக்குப் படகு எடுக்கும் ஆண்களில் ஒரு ரகம் உண்டு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரை அவர் உங்களையும் என்னையும் போல ஒரு சாதாரண மனிதர். காய்கறி வாங்கப் போனால் பாதியை மறந்துவிட்டு வருகிறவர். ஒன்பதே காலுக்குப் படகுத்துறைக்காரர் சாவியைக் கையில் கொடுக்கிறார். ஒன்பதரைக்கு அவர் கேப்டன். தொப்பியா? அது போன மாதமே வாங்கியாயிற்று.

நம்முடைய கேப்டன், கரையில் இருக்கும்போது, ஓர் அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி மேய்க்கும் மேலாளர். ஆறும் கால்வாயுமாக ஏழு நாள் மோட்டார் படகில் சுற்ற வேண்டுமென்று ஆசைப்பட்டது உண்மையில் அவர் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஜன்னலே இல்லாத அறையில், பதினெட்டு வருஷமாகக் கண்ணாடிக் குழாய்களோடு மாரடிக்கும் அந்த அம்மாளுக்கு, ஒரு நாளாவது வெட்டவெளியில் தன் கையால் படகு ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காகவே லீவு சேர்த்தார். "உனக்கு இல்லாததா? தாராளமா ஓட்டு" என்று கேப்டனும் வாக்குக் கொடுத்திருந்தார். கூட வந்தவர் அம்மாளின் தம்பி, பல் டாக்டர். முன்தளத்தில் பாய் விரித்துத் தூங்குவதைத் தவிர அவருக்கு வேறு லட்சியம் கிடையாது.

முதல் நாள் அம்மாள் கேட்டபோது நீரோட்டம் அதிகமாக இருந்தது. இரண்டாம் நாள் காற்று. மூன்றாம் நாள் தூரத்தில் பாலம் தெரிந்தது. நான்காம் நாள் பாலமும் இல்லை, காற்றும் இல்லை, கால்வாய் அசையாமல் கிடந்தது. "இந்த மாதிரி நேரத்துலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் கேப்டன்.

கேப்டனின் வேலை என்ன என்று கேட்கிறீர்களா? சக்கரத்தைப் பிடிப்பது. மற்றதெல்லாம் மற்றவர்கள் வேலை. கரை நெருங்கும்போது கயிற்றோடு தாவுவதும், தாவிய இடத்தில் சேறு இருந்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வதும், சமைப்பதும், சமைத்ததைச் சக்கரத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும், வரைபடத்தை விரித்துப் பிடிப்பதும், அது பறந்தால் திட்டு வாங்குவதும் அம்மாளின் பொறுப்பு. "குதி" என்றால் குதிக்க வேண்டும். பாதியில் "இரு, இன்னும் குதிக்காதே" என்றால் அந்தரத்தில் நிற்க வேண்டும். படகு கரையில் முட்டினால், கரை கட்டியவனுக்கு வேலை தெரியவில்லை.

ஏழாம் நாளும் வந்தது. அம்மாள் மறுபடி கேட்டார். "கடைசி லாக் தாண்டினதும் தர்றேன்" என்றார் கேப்டன். மேல்மட்டக் கால்வாயிலிருந்து கீழ்மட்டத்துக்குப் படகை இறக்கும் பெரிய கல் தொட்டிதான் இந்த லாக். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வடிய விடுவார்கள். படகும் தண்ணீரோடு மெல்ல இறங்கும். பிறகு முன்கதவு திறக்கும். இறங்கும் வரை, கரையிலுள்ள இரும்பு முளையில் கயிற்றைச் சும்மா சுற்றி, மறுநுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தளர்த்திக்கொண்டே வர வேண்டும். ஆறு நாளாக அம்மாள் அப்படித்தான் முன்கயிறு, பின்கயிறு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு லாக்கை ஒட்டிய பெஞ்சில் நாலு பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். கேப்டனுக்கு அது போதாதா? தாமே கரையில் குதித்து, முன்கயிற்றை இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

"சார், கட்டாதீங்க. கையில பிடிச்சுக்குங்க" என்றார் லாக்கைத் திறந்து மூடும் பெண்மணி.

"எனக்குத் தெரியும்மா. நீங்க தண்ணிய விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிக்கொண்டார் கேப்டன்.

தண்ணீர் இறங்கியது. படகின் பின்பக்கம் இறங்கியது. முன்பக்கம் மட்டும் கேப்டனின் முடிச்சுக்கு மரியாதை கொடுத்து அங்கேயே நின்றது. முதலில் ஒரு கரண்டி உருண்டது. பிறகு தட்டுகள். பிறகு பல் டாக்டர், பாயோடு. "அக்கா, ஊர் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சமையலறை வாசலில் வந்து சேர்ந்தார். படகே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளபடி சொன்னால், இனிமேல் சிரிக்கிற விஷயம் இல்லை. இன்னும் ஒரு முழம் தண்ணீர் வடிந்திருந்தால் மூன்று பேரும் நீந்தியிருப்பார்கள்.

லாக் பெண்மணி ஓடிப்போய் மடையை அடைத்து, மேலிருந்து தண்ணீரைத் திருப்பி விட்டார். படகு நிமிர்ந்தது. கேப்டன் கரையேறி, இறுகிப்போன தன் முடிச்சை நகத்தாலும் பல்லாலும் கால்மணி நேரம் பிரித்தார். பெஞ்சில் நாலு பேர் இப்போது பதினொரு பேர்.

"சார், நீங்க மேலயே நில்லுங்க" என்றார் லாக் பெண்மணி. "அம்மா, நீங்க இறக்கிடுவீங்க இல்ல?"

"இறக்கிடுவேன்" என்றார் அம்மாள், இரண்டு கயிறுகளையும் கையில் வாங்கிக்கொண்டு.

இரண்டு ஆள் உயரம் கீழே போய் நின்றது படகு. முன்கதவு திறந்தது. அந்தப் பக்கம் ஒரு படகு உள்ளே வரக் காத்திருந்து ஹாரன் அடித்தது.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே" என்று மேலிருந்து கத்தினார் கேப்டன்.

"வழிய மறிச்சு நிக்கக் கூடாது சார். இனிமே படகுத்துறையிலதான் நிறுத்த முடியும், ரெண்டு கிலோமீட்டர்" என்றார் லாக் பெண்மணி.

அம்மாள் சக்கரத்தைப் பிடித்தார். இன்ஜினைக் கிளப்பினார். அவ்வளவுதான்.

கால்வாய் ஓரமாக ஒற்றையடிப் பாதை. அதில் தொப்பியோடு ஒரு மனிதர் வேகமாக நடந்தார். "லெஃப்ட்ல ஒடி. ரொம்ப ஒடிக்காதே. மரம் வருது பாரு." இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அம்மாள் பிற்பாடு சொன்னார். இன்ஜினை அவர் எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்பது தம்பிக்குத் தெரியும். அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தூங்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

படகு துறையில் பூப்போலப் போய் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிஷம் கழித்து, மூச்சு வாங்க, சட்டை நனைந்து வந்து சேர்ந்தார் கேப்டன். படகுத்துறைக்காரர் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரையில இடிக்காம இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்து விட்டதில்ல" என்றார்.

"நான் வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தேன்ல" என்றார் கேப்டன்.

"படகை எத்தனை மணிக்குத் திருப்பித் தரணும்?" என்று அம்மாள் படகுத்துறைக்காரரைக் கேட்டார். ஆறு மணிக்கு என்றார் அவர். அப்போது நாலரை. கட்டின கயிற்றை அம்மாள் அவிழ்த்து, மறுபடி சக்கரத்தைப் பிடித்தார்.

நீங்கள் படகில் காலே வைத்ததில்லை என்கிறீர்கள். நல்லது. அடுப்பங்கரையிலோ, அலுவலகத்திலோ, காரின் முன்சீட்டிலோ நீங்கள் எப்படி என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "சேச்சே, நீங்க அப்படி இல்ல" என்று உடனே பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். அதுவும் நீங்கள் சொல்லிக்கொடுத்த பதிலாக இருக்கலாம்.