மாவுப்பூச்சி தின்றதாக ஒரு சான்றிதழ்

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் நலமில்லை, அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். நீங்களும் மகளும் கைக்குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அத்தையின் நலத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால், இந்த மனுஷன் ஏன் திடீரென்று விசாரிக்கிறார் என்று அவள் விசாரணையில் இறங்கிவிடுவாள். உங்கள் வீட்டில் எந்தக் கைபேசி அடித்தாலும் முதலில் எடுப்பது அவள்தான். அதனால்தான் இதை உங்கள் பயிர் பாதுகாப்பு அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தோரு வருடம் ஆவண அறையில் தூசியோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன் நான், சும்மா இருந்தால் கை அரிக்கும். சுற்றுச்சுவரை ஒட்டி அவள் வளர்த்த செடிவரிசை உங்களுக்குத் தெரியும். பாதி நந்தியாவட்டை, மீதி அதன் காலடியில் தானாக முளைத்துப் பூத்துக் கிடக்கும் பெயர் தெரியாத பூண்டுகள். எப்போது பார்த்தாலும் நாடா கட்டாத கோப்புபோல என் கண்ணை உறுத்தும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அரிவாளை எடுத்தேன். மதியத்துக்குள் அத்தனையையும் தரைமட்டமாக்கி, சருகைக் கூட்டி அள்ளி, கூரையோரத்துக் குளவிக்கூட்டை ஒட்டடைக் கம்பால் தட்டி, சிலந்திகளைக் காலி செய்யவைத்து, பல்லிகளுக்கும் நோட்டீஸ் கொடுத்து, ஒற்றைப் பப்பாளி மரத்தை மட்டும் விட்டுவைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இடம் ஆஸ்பத்திரி வராந்தாபோல இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

மூன்றே வாரம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “சார், உங்க பப்பாளிக்கு யாரோ சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க” என்றார். போய்ப் பார்த்தால் மாவுப்பூச்சி. இலை, காம்பு, காய் எல்லாம் வெள்ளை. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், குளித்துவிட்டுப் புதுப்பொலிவோடு உட்கார்ந்திருந்தது. அது கக்கும் இனிப்புக்காக எறும்புகள் வரிசை கட்டி வந்து அதற்குக் காவல் வேறு நின்றன. என் மரத்தில் எனக்குத்தான் அனுமதி இல்லை. ஏணி போட்டு ஏறி மருந்து அடித்தேன். செத்து விழுந்தது யார் என்று பார்த்தால், மாவுப்பூச்சியைத் தின்பதற்காக எங்கிருந்தோ வழி கேட்டு வந்திருந்த இரண்டு பொறிவண்டுகள். அடுத்த வாரம் தையல்காரர் மறுபடி தலையை நீட்டினார். “என் செம்பருத்திக்கும் அடிச்சுட்டாங்க சார்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. தைக்கக் கொடுத்த என் கால்சட்டையை ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் திருப்பிக் கொடுத்தார்.

போன மாதம் உங்களிடம் சொன்னபோது, “மாமா, அது கடல் தாண்டி வந்த பூச்சி. இங்க அதுக்கு இயற்கை எதிரி கிடையாது, அதான் இப்படி ஆட்டம் போடுது. அதுக்குன்னே ஒரு குளவி இருக்கு, அனுப்பறேன். அது தங்கித் தேன் குடிக்கப் பூவும் புதரும் வேணும். அத்தையோட செடிங்கதான் இருக்கே, கவலையில்ல” என்றீர்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அந்த இடத்தில்தான் மாப்பிள்ளை நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய குப்பி வந்தது. குளவி என்றால் குளவி அளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன், முற்றுப்புள்ளி அளவில் ஐம்பது அறுபது இருந்தன. மரத்தடியில் மூடியைத் திறந்தேன். வெட்டவெளியை ஒரு சுற்றுச் சுற்றின. நிழலும் இல்லை, பூவும் இல்லை. நேராக ஜன்னல் வழியாகச் சமையலறைக்குக் குடிபோய்விட்டன. எனக்கு அது தெரியாது. கை கழுவ உள்ளே போனேன், சுவரெல்லாம் பொடிப்பொடியாக ஏதோ மொய்த்தது, கைக்கெட்டும் தூரத்தில் மருந்துத் தெளிப்பான் இருந்தது. அடித்து முடித்த பிறகுதான் குப்பி ஞாபகம் வந்தது. இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினேன்.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம். போன வாரம் உங்கள் அத்தை, “செடிங்க எப்படி இருக்கு?” என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“மாவுப்பூச்சி தின்னுடுச்சு.”

“எல்லாத்தையுமா?”

“அடியோட.”

“மாவுப்பூச்சி சாறுதானே உறிஞ்சும். இருங்க, மாப்பிள்ளைய கேக்கறேன்.”

ஆகவே அடுத்த ஞாயிறு அவள் வந்து சேருமுன், ‘மேற்படி செடிவரிசையை மாவுப்பூச்சியே முழுவதும் தின்று தீர்த்ததாகக் கள ஆய்வில் தெரியவருகிறது’ என்று அலுவலகத் தாளில், வட்ட முத்திரையோடு, ஒரு சான்றிதழ் அனுப்பவும். கூடவே இன்னொரு குப்பியும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்து நட்டாள் மாப்பிள்ளை. திட்டு வாங்க எனக்குப் பயமில்லை, பழகிவிட்டது. அந்த வெறுந்தரையைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்விடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

மகளுக்கு ஆசிகள். குழந்தைக்கு முத்தம். உங்கள் வட்ட முத்திரைக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
அன்பு மாமா

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. நான் முன்கூட்டியே கிளம்பியது உங்களுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. கடிதத்தை மேஜைமேல் விரித்துப் போட்டுவிட்டு உறை வாங்கப் போயிருக்கிறார். இதைக் கிழிக்க வேண்டாம், பத்திரமாக வையுங்கள். செடிகளைப் பார்த்தேன். வெட்டின கட்டையில் எல்லாம் ஒரு சாண் துளிர்த்து நிற்கிறது. ஒரு மாதமாகப் பப்பாளியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கீழே குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. நாலு பூ பூக்கட்டும், சொல்கிறேன், அப்போது குப்பி அனுப்புங்கள். தெளிப்பானைப் பூட்டி வைத்துவிட்டேன். சான்றிதழையும் அனுப்புங்கள், வாசகத்தை மட்டும் மாற்றிவிடுங்கள்: இந்த வீட்டில் மூன்று மாதம் இயற்கை எதிரி இல்லாததால் ஒரு ஜீவன் இஷ்டத்துக்கு ஆட்டம் போட்டிருக்கிறது, எதிரி இன்று காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தது.