பெட்டிக்கும் டிக்கெட் எடுத்த அண்ணாச்சி

பத்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள், பத்திரிகைக்கு எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் திருவனந்தபுரத்தில் பஸ் ஓடத் தொடங்கிய நாள் முதல், மடியில் இருக்கும் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்த ஒரே மனிதர் பெட்டி அண்ணாச்சிதான். அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிது. ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் அட்டெண்டர். ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் எலும்பு மஜ்ஜையைக் குழாயில் எடுத்து, ஊரின் மறுகோடியில் உள்ள ஜீன் லேபுக்கு அனுப்புவோம். ஜீனில் உள்ள அடையாளத்தைப் பார்த்தால்தான் மருந்து போதுமா, உடன்பிறந்தவரின் மஜ்ஜையை மாற்ற வேண்டுமா, மாற்றினால் நிலைக்குமா என்று ஒரு கணக்குக்கு வரமுடியும். குழாயைப் பெட்டியில் வைப்பது என் வேலை. தூக்கிப் போவது அண்ணாச்சி வேலை.

"செல் உயிரோட போய்ச் சேரணும்" என்று டாக்டரம்மா முதல் நாள் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பெட்டிக்குள் இருப்பது ஓர் ஆள்.

"பெட்டியில் எந்தா, மீனா?" என்பார் கண்டக்டர்.

"மீனல்ல சாரே, ஒரு ஆளு. ரெண்டு டிக்கெட்."

மழை பெய்தால் குடை பெட்டிக்கு, அண்ணாச்சி நனைவார். ஒவ்வொரு நிறுத்தமும் வந்ததும் மூடியைத் தட்டி, "கரமனை ஆச்சு, பயப்படாண்டாம்" என்று அறிவிப்பார். புறப்படும் முன் என்னிடம், "இது தமிழா மலையாளமா பிள்ளே?" என்று கேட்டுக்கொள்வார்.

"செல்லுக்கு ஏது அண்ணாச்சி பாஷை?"

"பயம் வந்தா எல்லாருக்கும் தாய்ப்பாஷைதாம் பிள்ளே."

பழவங்காடியில் பஸ் மாற வேண்டும். அந்த இடைவெளியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பெட்டியின் பேரில் அர்ச்சனை. நோயாளியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி.

"பேரு?" என்றாராம் சீட்டு எழுதுகிறவர்.

"நாப்பத்தியேழாம் நம்பர்."

"நக்ஷத்ரம்?"

"அறிஞ்ஞூடா சாரே. ரிசல்ட்டு வந்தாத்தான் அறியும்."

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். டாக்டரம்மாவும் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்புதான் பிறகு வினையாயிற்று.

ஒரு சித்திரை மாதம், திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஓட்டலில் தோசை சுடும் மாஸ்டர் ஒருவருக்கு மஜ்ஜை எடுத்தார்கள். மஜ்ஜை கொடுக்க அவர் தம்பி ஊரிலிருந்து வந்து காத்திருந்தார். மருந்து ஏறத் தொடங்கிவிட்டால் அடையாளம் சரியாகத் தெரியாது; அதற்குள் சாம்பிள் போயாக வேண்டும். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஐஸுக்கும் குழாய்க்கும் நடுவே துணி சுற்ற வேண்டும் என்பது விதி. என்னுடையது மீன் வாங்கிப் பழகிய கை. ஐஸ் அதிகமானால் கெடாது என்று, துணியை எடுத்துவிட்டு, இரண்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குழாயைச் செருகி அனுப்பினேன்.

மறுநாள் லேபிலிருந்து போன். செல் எல்லாம் செத்துப்போயிருந்தது.

டாக்டரம்மா அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "பிள்ளையார் அம்பலத்தில் எத்தனை நேரம் நின்னீங்க?"

"பதினஞ்சு மினிட் காணும்."

"அந்த வெயிலிலா! இனி நீங்க பெட்டியைத் தொடண்டாம்."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். குழாய்த் தட்டோடு பக்கத்தில் நின்றேன். துணி இல்லாமல் ஐஸில் பட்டு உறைந்துதான் செத்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். வாய் திறக்கவில்லை.

மாஸ்டருக்கு மறுபடியும் இடுப்பெலும்பில் ஊசி. அவர் பல்லைக் கடித்துக் கிடக்க, அண்ணாச்சி கட்டிலருகே கைகூப்பி நின்றார். "என்னாலதாம் மாஸ்டரே ஒமக்கு ரெண்டாவது குத்து."

"விடும் அண்ணாச்சி. தோசைக்கல்லுல சுடாத சூடா?"

அப்போதும் நான் அங்கேதான் இருந்தேன்.

புதுக் குழாயோடு வராந்தாவுக்கு வந்தேன். பின்னாலேயே வந்த அண்ணாச்சி யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"லேபுல பெட்டியத் தொறந்து கொடுத்தது நாந்தாம்லா பிள்ளே. துணி இல்லாததக் கண்டேன். இதுக்கு மறக்காமச் சுத்து. இவரு தமிழு, கேட்டியா. போறவங்கிட்டச் சொல்லிவிடு."

திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

துணி சுற்றி வைத்தேன். வேறோர் ஆள் ஆட்டோவில் கொண்டுபோனார். மறுநாள் காலை லேபிலிருந்து போன் வந்தது. செல்லுக்கு உயிர் இருந்தது. அன்றே அண்ணாச்சியைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்கள்.